ஊசியைப் பார்க்க ஓர் ஆள்

இரும்பைச் செதுக்குகிற மில்லிங் மெஷினின் ஹெட் என்கிற தலைப்பகுதியை நேராக்குவது ஒற்றை ஆள் வேலையில்லை. தனியாகவே செய்துவிடுகிறவர்கள் இருக்கலாம். அவர்களுக்குப் பொறுமை இருக்கும். எனக்கு அது கிடையாது. கப்பலில் இன்ஜினியராக இருந்தபோதே என் வாய்க்குப் பயந்தவர்கள் உண்டு. ஓய்வுக்குப் பிறகு, மாப்பிள்ளையூரணி வீட்டின் கார் ஷெட்டில் பழைய மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டேன். கார் கடைசிவரை வாங்கவில்லை, ஷெட் மட்டும் கட்டியிருந்தோம்.

வேலை இதுதான். ஹெட்டுக்குக் கீழே சுழலும் ஸ்பிண்டிலில் ஊசி வைத்த ஒரு டயல் கேஜை மாட்டி, கையால் சுற்றி, மெஷின் மேசையின் இரண்டு ஓரத்தையும் தொடவிட வேண்டும். இரு பக்கமும் ஊசி ஒரே கோட்டில் நின்றால் ஹெட் நேர். இல்லையென்றால் ரப்பர் சுத்தியால் தட்டிச் சரிசெய்து நட்டுகளை முறுக்க வேண்டும். முறுக்குகிறபோதுதான் அந்தச் சனியன் மறுபடி நகரும். நட்டுகள் என் முகத்துக்கு நேரே, டயலோ கீழே மேசைமேல். அதனால் ஊசியைப் பார்க்க என் மனைவி ஸ்டூல் போட்டு உட்காருவாள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். ஊசி அசைந்தால் மட்டுமே வாயைத் திறப்பாள். அவள் பேசாமலிருந்தால் நான் தைரியமாக முறுக்கிக்கொண்டே போவேன். எங்களுக்குள் சண்டை வராத ஒரே இடம் அந்த ஷெட்தான்.

மகளின் பிரசவத்துக்காக அவள் மஸ்கட் போனாள். மாதா கோயில் திருவிழாவுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் போன பிறகு, பாரமான இரும்புத் துண்டு ஒன்றை மேசையில் ஏற்றும்போது ஹெட்டில் இடித்துவிட்டேன். அது சாய்ந்தது தெரிந்தும் அப்படியே விட்டுவைத்தேன். அவளுக்காக ஒரு வேலையாவது காத்திருக்கட்டுமே என்று நினைத்தேன். வீட்டில் பேச ஆளில்லாமல் ரேடியோவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர் ஒருவர், இன்ஜினின் தண்ணீர் பம்பு மூடியைச் சமமாக்கித் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். சாய்ந்த ஹெட்டிலேயே செதுக்கிக் கொடுத்தேன். சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார். “அண்ணாச்சி, தண்ணி கசியுதே,” என்றார், மரியாதையாகத்தான். மூடியின்மேல் நகத்தை ஓட்டினேன், படிக்கட்டு மாதிரி தட்டியது. எனக்கு வெட்கமாகிவிட்டது. படகு கடலுக்குப் போகும் நாள் நெருங்கியிருந்தது, இனியும் தள்ளிப்போட முடியாது.

அன்று சாயங்காலம் மனைவிக்கு வீடியோ கால் போட்டு, போனை டயலுக்கு எதிரே ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்தேன்.

“ஏளா, ஊசி தெரியுதா?” என்றேன். தெரியுது என்றாள்.

ஹெட்டைத் தட்டி நேராக்கி, நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினேன். அவள் பேசவில்லை. எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. கடைசி நட்டையும் இறுக்கிவிட்டுக் குனிந்து பார்த்தால், ஊசி எங்கேயோ போய் நிற்கிறது.

கத்துவதற்கு வாயெடுத்தேன். அதற்குள் அவள், “ஊசி எப்பவோ நகந்துட்டுங்க. நான் கவனிக்கல. உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு நினைச்சிட்டே இருந்துட்டேன்,” என்றாள். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டதாம். பேரனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லையாம்.

“திருவிழாவுக்கு வரலங்க. பய பள்ளிக்கூடம் போற வரைக்கும் நான் இங்கனதான்.”

என்னையும் அங்கே வந்துவிடச் சொன்னாள். ஃபிளாட்டில் வந்து நான் மிக்ஸியையா கழற்றி மாட்டிக்கொண்டிருப்பது என்று கேட்டேன். இருவருக்குமே சிரிப்பு வரவில்லை.

அவளில்லாமல் இன்னும் எத்தனை வருஷம் என்று கணக்குப் போடக்கூடப் பயமாக இருந்தது. ஸ்பானரை எடுத்து எல்லா நட்டுகளையும் தளர்த்தினேன். இப்போதாவது ஒழுங்காகப் பார் என்றேன். பார்த்தாள். ஒரு கோடு கூடுது, அரைக் கோடு குறையுது என்று பழையபடி சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசி நட்டும் இறுகியது. டயலைச் சுற்றி அந்தப் பக்கம் பார்த்தேன், மறுபடி போனுக்கு நேரே கொண்டுவந்தேன். இரண்டு பக்கமும் ஊசி பூஜ்யத்தில்தான் நின்றது.

“இன்னும் கொஞ்சம் இருக்கு. நாளைக்கும் பாக்கணும்,” என்றேன்.

ஊசி எங்கே நிற்கிறதென்று அவளுக்கும் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

“சரி. நாளைக்கும் பாப்போம்,” என்றாள்.