அப்பாவுக்கு வராத செபம்

லிஃப்ட் பாதியில் நின்று விளக்கணைந்தது. பக்கத்தில் நின்றவரின் பையிலிருந்து ஏலக்காய் மணம் வந்தது.

சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தில் எனக்கு எட்டு வயதிருக்கும்போது, மண் சரிந்து எஸ்டேட் ஸ்டோரின் கதவை அடைத்துவிட்டது. உள்ளே அப்பாவும் நானும், காய் பறிக்கும் மரியம்மாவும் மாட்டிக்கொண்டோம். அப்பா கங்காணி; சர்ச்சில் வேதம் வாசிப்பவர். அன்று காலை மரியம்மாவை எல்லோர் முன்னாலும் திருடி என்று திட்டியிருந்தார். அவள் திருடவில்லை என்று மதியமே தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

இருட்டில் மூச்சு முட்டியது.

"செபம் பண்ணுங்க கங்காணி," என்றாள் மரியம்மா.

அப்பா ஆரம்பித்தார். "ஆண்டவரே" என்பதற்குமேல் வரவில்லை. உன்மேல் மனத்தாங்கல் உள்ளவரோடு சமாதானமாகாமல் பலிபீடத்துக்கு வராதே என்ற பகுதியை அந்த ஞாயிறுதான் வாசித்திருந்தார். சேற்றில் மண்டியிட்டார்.

"நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும் தாயி. மன்னிச்சிரு."

"எல்லாரு முன்னாலயும்தான திட்டுனீக? அங்கயே சொல்லுங்க."

"சொல்லுதேன்."

அதன்பின் செபம் தடையில்லாமல் வந்தது. மரியம்மா ஆமென் சொன்னாள்.

சாயங்காலம் மண்ணை அள்ளி எங்களை வெளியே எடுத்தார்கள். அப்பா முகத்தைக்கூடத் துடைக்காமல், கூடியிருந்த அத்தனை பேரிடமும் தன் தப்பைச் சொன்னார்; சொல்லிவிட்டுச் சிரித்தார்.

லிஃப்ட் இன்னும் அசையவில்லை. அப்பாவை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது அன்றுதான்.