ஐந்து பேர் எனக்குத் தந்த நாட்கள்

சாப்பிடாமல் இருந்ததற்காக எனக்குக் கைதட்டினார்கள். போன வருடம் எங்கள் சபையில் நின்று நான் சொன்ன சாட்சியைக் கேட்டு அழுதவர்கள்கூட உண்டு. அந்தச் சாட்சி பொய். அதனால்தான் மறுபடியும் சொல்ல வந்திருக்கிறேன். என் ஆண்டவரை நம்புகிற அக்காமாரே, அண்ணன்மாரே, தங்கச்சிமாரே, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். சில இடங்களில் பயமாக இருக்கும். எனக்கும் சொல்லும்போது பயமாகத்தான் இருக்கிறது.

நான் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். அங்கேயே மேல் டிவிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். அம்மா கொழும்பில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறார். லயத்து வரிசை வீடுகளில் எங்களுடைய ஒற்றைக் காம்பராவில் நான் தனி ஆள். நான் சாப்பிட்டேனா, இல்லையா என்று கேட்க யாரும் இல்லை.

பெண் பார்க்க வந்தவர்களிடம்தான் இது தொடங்கியது. தேத்தண்ணி குடித்துவிட்டு வாசலில் செருப்பு மாட்டும்போது, "பொண்ணு கொஞ்சம் உருண்டையா இருக்கு" என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார்கள். நான் சுட்டு வைத்த வடையில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காதவர்கள் சொன்ன பேச்சு அது. இன்று சிரிப்பு வருகிறது. அன்று சுருண்டு படுத்து அழுதேன். மறுநாள் காலையில் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கு மறுநாள், இறங்கவில்லையே என்று சந்தோஷமாக இருந்தது.

எங்கள் சபையில் சங்கிலி உபவாசம் உண்டு. திங்கள் முதல் சனி வரை, ஆறு நாளுக்கு ஆறு பெண்கள். ஆளுக்கொரு நாள் பட்டினி இருந்து, தோட்டத்துக்காகவும் பிள்ளைகளுக்காகவும் ஜெபம் செய்ய வேண்டும். சுவரில் ஒரு தாளில் பெயர்கள் ஒட்டியிருக்கும். புதன் என்னுடையது.

வெள்ளிக்கிழமை செல்வியுடையது. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், இப்போது கொழுந்து எடுக்கிறாள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மெதுவாகக் கேட்டாள். "ஏ புள்ள, வெறும் வயித்தோட மலையில நிக்க முடியல. கண்ண கட்டுது. என் நாளையும் நீயே எடுத்துக்கிறியா? யாருக்கும் சொல்லாத."

"குடு" என்றேன். வாயில் எச்சில் ஊறியது. சாப்பாட்டுக்கு ஊறவில்லை, பட்டினிக்கு ஊறியது. அந்த அளவுக்கு ஆகிவிட்டது எனக்கு.

அதற்குப் பிறகு நானே தேடிப் போனேன். திங்கள்காரியின் குழந்தைக்குப் பால் பற்றவில்லை, வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமைக்காரிக்கு இடுப்பு வலி, வாங்கிக்கொண்டேன். ஒவ்வொருத்தியும் யாருக்கும் தெரியாமல் தந்தாள். ஒவ்வொருத்தியும் தான் மட்டுமே தந்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். தாளில் ஆறு பெயர்கள் அப்படியே இருந்தன. உள்ளே பசித்துக் கிடந்தது ஒரே ஒரு உடம்பு.

அந்த நாட்களில்தான் அது வந்தது.

நான் பாயில் முழங்கால் போடுவேன். இடது பக்கத்தில் இன்னொருவர் முழங்கால் போடுகிற சத்தம் கேட்கும். பாய் சரசரக்கும். திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் மூச்சு கேட்கும். நான் மூச்சை நிறுத்தினால் அது ஒரு நொடி கழித்து நிறுத்தும். பிறகு பேசத் தொடங்கியது. என்னுடைய குரலிலேயே பேசியது. "இன்னும் ஒரு நாள். நீ சுத்தமாகிக்கிட்டு வர்ற" என்றது. வசனங்களெல்லாம் அதற்குத் தெரியும். தோட்டத்துக்காக ஜெபம் செய்யும், நோயாளிகளுக்காகச் செய்யும். நன்றி மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. ஆண்டவர் எனக்கென்று ஒரு தூதனை அனுப்பிவிட்டார் என்று பெருமையில் மிதந்தேன். உபவாசத்தில் ஒரு தூதன் எனக்குத் துணையிருக்கிறான் என்று சபையில் எழுந்து நின்று சாட்சியும் சொன்னேன். அப்போதுதான் அந்தக் கைதட்டல். எனக்குப் பக்கத்திலிருந்தும் ஒரு கைதட்டல் கேட்டது.

ஜூலை மாதம். எங்கள் பக்கத்தில் மழையும் பனிப்புகாருமாகக் கிடக்கும் காலம். பள்ளிக்கூடம் விட்டு இரண்டரை மணிக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். பகல்தான், ஆனால் ரோட்டின் மறுகரை தெரியவில்லை. இப்படிப் புகார் இறங்கினால் கொழுந்து எடுக்கிற பெண்கள் ஒருத்திக்கொருத்தி கூவிக்கொள்வார்கள். எந்த மட்டத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரிய வேண்டுமே. அன்றும் கீழே தேயிலை மலையிலிருந்து கூவல் கேட்டது. பிறகு, "டீச்சர், இங்க வாங்க" என்று ஒரு குரல்.

செடிகளுக்கு நடுவே இறங்கினேன். குரல் கொஞ்சம் தள்ளிப் போனது. நானும் போனேன். இன்னும் தள்ளிப் போனது. கால் வழுக்கியது, ஆனாலும் கூப்பிடுகிறார்களே என்று இறங்கிக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் காலுக்கு முன்னால் செடி இல்லை, வெறும் புகார்தான். கீழே எங்கேயோ ஆற்றுச் சத்தம். அப்போதுதான் அந்தக் குரல் யாருடையது என்று புரிந்தது. என் குரல்.

அந்த விளிம்பிலேயே மயங்கி விழுந்தது தெரியாது. கண் விழித்தபோது செல்வியின் மடியில் கிடந்தேன். வேலை முடிந்து மேல் ரோட்டில் வந்தவள் என் குடை கிடந்ததைப் பார்த்து இறங்கியிருக்கிறாள்.

"கொழுந்து எடுக்குறவங்க கூப்புட்டாங்க" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "இந்த மலைய நேத்தே எடுத்து முடிச்சாச்சு புள்ள. இன்னைக்கு இங்க ஒரு ஆளும் இல்ல."

லயமே திரண்டுவிட்டது. பேய் பிடித்திருக்கிறது, கோடாங்கியைக் கூப்பிடு என்றார்கள் சிலர். சபைக்காரர்கள் நாங்கள் அப்படிச் செய்வோமா? சாத்தானின் தாக்குதல் என்று சொல்லி, என்னையும் சபையில் உட்கார வைத்து, எனக்காக மூன்று நாள் உபவாச ஜெபம் அறிவித்தார்கள். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை, போனில் அழுதுகொண்டிருந்தார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. மூன்று நாளும் நானும் இருக்கிறேன் என்று முதல் ஆளாகக் கை தூக்கினேன். எழுந்து நிற்கக்கூட முடியாதவள் தூக்கிய கை அது.

அப்போது செல்வி எழுந்தாள். சபையில் வாயே திறக்காதவள்.

"பாஸ்டர், இவ உபவாசம் இருக்கக் கூடாதுங்க. என் வெள்ளிக்கிழமைய இவகிட்ட குடுத்தது நான்தாங்க. நான் வயிறார தின்னுட்டு இவளப் பட்டினி போட்டேன்."

சபைக் கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. பின்னாலிருந்து ஒருத்தி எழுந்தாள். "என் திங்கக்கிழமையும் டீச்சர்கிட்டதாங்க இருக்கு." ஜன்னலோரம் இன்னொருத்தி. "சனிக்கிழமை என்னோடது." பிறகு செவ்வாய். பிறகு வியாழன். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து பேர். பாஸ்டர் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. என் உடம்பு எப்படி ஆகிவிட்டது என்பதை அன்றுதான் எல்லோரும் முதன்முறையாகப் பார்த்தார்கள் என்று தோன்றியது.

"சொல்லாத, சொல்லாத" என்று என் இடது காதில் அது சீறியது. நான் வாயைத் திறந்தேன். "எல்லாம் உண்மைதாங்க. என்னைக் காப்பாத்துங்க." அவ்வளவுதான் என் ஜெபம். வேறு ஜெபம் வரவில்லை.

பாஸ்டர் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவரே வேன் பிடித்து என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு சிங்கள டாக்டர் அம்மா. தமிழைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசுவார். நான் நடந்ததெல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பேய் இல்ல, சாமியும் இல்ல. இது வருத்தம், ஒரு நோய். நிறைய பேருக்கு இருக்கு. மருந்தும் இருக்கு. முதல் மருந்து சோறு" என்றார். வார்டில் சில வாரங்கள் இருந்தேன். பிறகு கிளினிக், கவுன்சலிங். அந்த டாக்டர் அம்மாவும் ஜெபத்துக்கு வந்த பதில்தான் என்று நான் நம்புகிறேன். மாத்திரையை விட்டுவிட்டு ஜெபம் மட்டும் செய்யலாமா என்று என்னிடம் யாராவது கேட்டால் நல்லா வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

ஆனால் குரல் போகவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, மருந்து விழுங்குவது மாதிரி சோற்றை விழுங்கினேன். யார் முன்னாலும் சாப்பிட முடியாது. ருசி என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் செல்வி வந்து நின்றாள். "வா, ஹட்டனுக்குப் போவோம். கடையில சாப்புடுவோம்."

"என்னால முடியாதுடி."

"நீ வார்டுல கெடந்த நாள்ல இருந்து ஆண்டவர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். ஒரு வேள நீ எங்கூட உக்காந்து ருசிச்சு சாப்புடணும். அவர நீ பொய்யாக்கிறாத."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு சாப்பாட்டுக்கடை. ஜன்னலுக்கு வெளியே ஒரே வெள்ளை, ஊரே இல்லை. கீழே கொத்து ரொட்டி போடுகிற சத்தம் மட்டும் தடதடவென்று வந்தது. எங்கள் ஊர்க் கடைகளில் கேட்காமலே ஒரு பிளேட் நிறைய வடையும் ரோல்ஸும் கொண்டுவந்து வைப்பார்களே, அப்படி வைத்தார்கள். வேண்டியதை எடுக்கலாம், எடுத்ததற்கு மட்டும்தான் காசு, மிச்சத்தைத் திரும்பக் கொண்டுபோவார்கள். எத்தனையோ முறை முழுசாகத் திருப்பி அனுப்பிய பிளேட் அது.

சர்வர் தண்ணீர் கொண்டுவந்தார். மூன்று கிளாஸ். ஒன்று எனக்கு, ஒன்று செல்விக்கு. மூன்றாவதை என் இடது பக்கம், காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.

"ரெண்டு பேருதாங்க" என்றாள் செல்வி.

அவர் நாற்காலியைப் பார்த்தார். "அப்புடியா? மூணு பேரு படியேறி வந்த மாதிரி இருந்துச்சுங்களே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எழுந்து ஓடப் பார்த்தேன். செல்வி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "சாப்பாட்டு ஜெபம் பண்ணு" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு நன்றி சொல்லி எத்தனை காலம் ஆகிவிட்டது! சாப்பிடாதவள் எதற்கு நன்றி சொல்வாள்? கண்ணை மூடினேன். பக்கத்தில் மூச்சு கேட்டது. "ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்காக நன்றி" என்றேன். நான் எது சொன்னாலும் கூடவே சொல்லும் குரல், இதைச் சொல்லவில்லை. மறுபடியும் சொன்னேன். "நன்றி." மூச்சு தள்ளிப் போனது. மூன்றாவது முறை சத்தமாகவே சொன்னேன், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. நன்றி சொல்லிவிட்டுத் தொடாமல் எழுந்தால் ஆண்டவர் முகத்துக்கு நேரே பொய் சொன்னதாகிவிடும். ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தேன்.

மொறுமொறுவென்று உடைந்தது. உள்ளே சூடான உருளைக்கிழங்கு, மிளகு. காரம் மூக்கில் ஏறியது. அழுதேன். காரத்தாலா, வேறு எதனாலா தெரியவில்லை. ருசியாக இருந்தது! ஆண்டவரே, எவ்வளவு ருசி!

கண்ணைத் திறந்தால் செல்வி அந்த மூன்றாவது கிளாஸைத் தூக்கி மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள். "யாருக்கு வச்சதோ தெரியாது. எனக்குத் தாகமா இருக்கு" என்றாள். பயத்தில் வேர்த்திருந்தது அவளுக்கு. பிறகு இருவரும் சிரித்தோம், வயிறு வலிக்கும் வரை. ஆளுக்கு ஒரு வடையும் சம்பலும் எடுத்துக்கொண்டோம்.

அது எல்லாம் போய்விட்டது என்று சொன்னால் மறுபடியும் பொய்ச்சாட்சி ஆகிவிடும். சில நாள் பாய் சரசரக்கிறது. சில வேளை சாப்பாடு தொண்டையில் நிற்கிறது. கிளினிக்குக்கு இன்னும் போகிறேன். ஆனால் போன மாதம் செல்வியோடு ரயிலில் பட்டிப்பொல வரை போய், விறைக்கும் குளிரில் பிளாட்பாரத்தில் நின்று சுடச்சுட வடை தின்றேன். கொட்டகலை பஜாரில் முட்டைக் கொத்து தின்றேன். அம்மா வந்தபோது ஹட்டனுக்கு அழைத்துப் போய், அவர் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்றேன். அம்மா இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளி வைத்தார். சபையில் இப்போது உபவாசம் எடுப்பவர்கள் தங்கள் நாளைத் தாங்களே இருக்க வேண்டும், முடியாதவர்கள் தயங்காமல் சாப்பிட வேண்டும் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். அவர்கள் ஜெபம் செய்யும் மத்தியானத்தில், டாக்டர் சொன்னபடி நான் சோறு சாப்பிடுகிறேன்.

இதைக் கேட்கிறவர்களில் யாராவது ஒருவர், பசியை ஒளித்துக்கொண்டு, அதைப் பக்தி என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். உங்கள் காதிலும் உங்கள் குரலே பேசலாம். தங்கச்சி, அண்ணா, யாராக இருந்தாலும் சரி, யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். டாக்டரிடம் போங்கள். ஆண்டவர் உங்களைக் கைவிட மாட்டார், அவர் உங்களைப் பட்டினி போட்டுப் பார்க்கிறவர் அல்ல. தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஒரு சனிக்கிழமை ஹட்டனுக்கு வாருங்கள். நானும் செல்வியும் அதே மாடியில் இருப்போம். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, நீங்கள் வந்து உட்காருங்கள்.