பாவு போனால் போகட்டும்

எங்கள் தெருக் கூடைப்பந்து அணியை நினைத்தால் எனக்கு இப்போதும் ரத்தம் கொதிக்கும். ஐந்து பேர் ஆடுகிறார்கள் என்றால் ஐந்து பேர் கண்ணும் பந்தின் மேல் இருக்க வேண்டாமா? ஒருத்தன் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்ப்பான். ஒருத்தன் வேடிக்கை பார்க்க வந்த மாமாவிடம், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரிப்பான். பந்து அவன் காதோரமாகப் போய் வெளியே விழும். கேப்டன் என் வீட்டுக்காரர்தான். அவராவது ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. கூடைக்குக் கீழே பந்தை வைத்துக்கொண்டு, "நீ போடறியா, நான் போடட்டா?" என்று கூட ஆடுகிறவனிடம் யோசனை கேட்பார்.

சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் புறப்பாடு என்றால் இன்னும் மோசம். தெருமுனையில் நாகஸ்வரம் கேட்டதும் ஐந்து பேரும் பந்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஒருமுறை வெளியூர்ப் பையன்கள் அந்த நேரம் பார்த்துப் பந்தை எடுத்து, நிதானமாகக் கூடையில் போட்டுவிட்டுப் போனார்கள். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "பெருமாள் பாத்துப்பாரு" என்றார் இவர்.

"பெருமாளா வந்து பந்தப் புடிப்பாரு?" என்று கத்தினேன். தெருவே சிரித்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. வாழ்க்கைப்பட்டு வந்த பெண் மைதானத்து ஓரம் நின்று கத்துவதை ஊர் அதிசயமாகப் பார்த்தது. பார்க்கட்டும். ஆடுகிறவர்கள் ஒழுங்காக ஆடினால் நான் ஏன் கத்தப்போகிறேன்?

மைதானம் என்று பேர்தான். தெருவுக்கே நெய்யப் பட்டு கொடுக்கிற முதலாளியின் காலி மனை அது. இரண்டு கம்பம் நட்டு வளையம் மாட்டியிருந்தார்கள். முதலாளிக்கு அங்கே சாயப்பட்டறை போட ஆசை. அந்த வருஷத்துக் கோப்பைப் போட்டி தொடங்குவதற்கு முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இந்தத் தடவ கோப்பைய ஜெயிச்சா மனையில ஆடிக்குங்க. இல்லன்னா பட்டறைதான். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

இவர்கள் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

கடைசி ஆட்டம் ஆரணி அணியோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அன்றைக்கென்று பார்த்து எங்கள் வீட்டுப் பாவும் தெருவில் இருந்தது. பாவு என்பது சேலையின் நீளவாட்டில் ஓடுகிற பட்டிழைகள். அத்தனை இழையையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைப்போம். மழை பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்காகிவிடும். அதனால் தூறல் விழுந்தால் யார் வீட்டுப் பாவு என்று பார்க்காமல் தெருவே ஓடிப்போய்ச் சுருட்ட வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாதவன் வீட்டுப் பாவாக இருந்தாலும் சரி, அதுதான் எங்கள் வழக்கம். விடியும்போது வானம் பளிச்சென்று இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் மைதானத்துக்குப் போய்விட்டேன். முதலாளியும் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்று நன்றாகவே ஆடினார்கள். பஸ் போனது, ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஒரு புள்ளி நாங்கள் முன்னால். பந்து இவர் கையில். அப்போது என் மூக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது.

"அய்யோ, பாவு" என்றான் எவனோ. இவர் பந்தை அப்படியே தரையில் வைத்தார். ஐந்து பேரும் தெருவைப் பார்த்து ஓடினார்கள்.

"எங்க ஓடறீங்க? ஆட்டம் முடியலயே" என்று கத்தினேன்.

"உங்க பாவுதான் நனையுதுக்கா" என்றான் அணியிலேயே உயரமானவன், ஓடிக்கொண்டே.

"நனைஞ்சா நனையட்டும். பாவு போனா போவுது, நீ வந்து ஆடுடா."

நெசவு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் சொல்கிற வார்த்தையா அது? சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். ஆரணிக்காரர்களுக்கு இனி யோகம்தான் என்று வயிறெரிந்து திரும்பினால், அங்கேயும் ஆளில்லை. அவர்களும் நெசவாளிகள். எங்கள் ஆட்களை முந்திக்கொண்டு ஓடினார்கள். விசிலை வாயில் வைத்தபடி நடுவரும், நாற்காலியில் முதலாளியும், நானும்தான் பாக்கி.

நானும் ஓடினேன். அங்கே பத்து பேரும் பாவைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தன் முடிச்சை அவிழ்க்கிறான், இருவர் தொய்யாமல் தாங்குகிறார்கள், இவர் சுருட்டிக்கொண்டே வருகிறார். ஒருத்தரும் ஒருத்தரைக் கூப்பிடவில்லை. கை நீண்ட இடத்தில் பாவைச் சுருட்டுகிற கழி தயாராக இருந்தது. ஓர் இழைகூட அறுபடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"பாவிங்களா, இத்தன நாளா இத எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றேன்.

தூறல் நின்று ஆட்டம் தொடர்ந்தது. கஞ்சி பிசுபிசுக்கிற கையால் இவர் வீசிய பந்து வளையத்துப் பக்கமே போகவில்லை. ஆரணிக்காரன் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு போய் மறுபக்கம் போட்டான். ஒரே புள்ளியில் தோற்றோம்.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். நான் போய் எதிரே நின்றேன். "மொதலாளி, மனைய எடுத்துக்குங்க. ஆனா நனைய இருந்தது உங்க பட்டு. கோப்பைய விட்டுட்டு அதத்தான் காப்பாத்திக்கினு வந்தாங்க."

"நனைஞ்சா நனையட்டும்னு நீ கத்தினது எனக்கும் கேட்டுதும்மா" என்றார் அவர்.

என் மானம் அங்கேயே கப்பலேறியது. ஆரணிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்துவிட்டார். "பட்டறைய வேற எங்கயாவது போட்டுக்கறேன். இவங்க ஆட்டத்துக்கு இல்லன்னாலும் நீ திட்டறதக் கேக்கவாவது வரலாம் போலருக்குது."

இரண்டு நாள் கழித்து அந்தப் பாவு தறியில் ஏறியது. இவர் தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"நம்ம பாவையே போனா போவுதுன்னுட்டியே. அந்த ஆட்டத்துல அப்படி என்னதான் இருக்குது உனக்கு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"ஆட்டம் யாருக்கு வேணும்? காலைல குழியில எறங்கினா பொழுதுக்கும் இடுப்புக்கு மேலதான் தெரியறீங்க. அங்கதான் உங்கள முழுசா பாக்கறேன்."

தறிச் சத்தம் நின்றது.

"சாயந்திரம் சீக்கிரமா வந்துடு" என்றார். "முன்னாடி நின்னு திட்டு."