தீர்த்தம் தரும் கைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்காரர்களைக் கேட்டால் என்னை ‘ரத்தம் எடுக்கிறவள்’ என்றுதான் சொல்வார்கள். எத்தனை தடவை திருத்தினாலும் மண்டையில் ஏறாது. ரத்தம் எடுப்பது நர்ஸ். அதிலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, எந்தப் பொருளைக் கண்டால் அவற்றுக்கு ஆகாது என்று கேட்டுச் சொல்வது நான். சென்னையில் ஓர் ஆய்வகத்தில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். வீடு திரும்பியதும் புழக்கடை வழியாக நுழைந்து, தலைக்குக் குளித்த பிறகுதான் கூடத்தில் கால் வைக்கலாம். ரத்தத்தைத் தொட்ட கை, தீட்டாம். இது அண்ணா போட்ட சட்டம். அவர் தெருக்கோடியில் இருக்கும் சின்னப் பெருமாள் கோயிலில் அர்ச்சகர். சண்டை போட்டு அலுத்துப்போய் நானும் குளித்துத் தொலைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அண்ணாவுக்குத்தான் கையில் புண் வந்தது. வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். இடது கையில் உள்ளங்கை. முதலில் அரிப்பு, அப்புறம் கொப்புளம், அப்புறம் வெடித்து நீர் வடிந்தது. புண்ணோடு பெருமாளைத் தொடக் கூடாது. வீட்டில் உட்கார்ந்தால் ஆறியது. மறுபடி சன்னிதிக்குப் போனால் வந்தது. ஆனி உற்சவத்தில் அவர் முறை வர இருந்தது. கை ஆறாவிட்டால் முறை பங்காளிக்குப் போய்விடும். அண்ணா சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டார். மன்னி சமையலறையில் சத்தமில்லாமல் அழுதாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

தோல் டாக்டர் அண்ணாவின் முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகளை ஒட்டி அனுப்பினார். ஒவ்வாத பொருள் எதுவோ, அது பட்ட இடம் மட்டும் சிவக்கும். ஒரே நிபந்தனை, இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது. அர்ச்சகரிடம் சொல்கிற பேச்சா இது? மறுநாள் விடியலில் அரைத் தூக்கத்தில் எழுந்துபோனவர், வழக்கம்போல் கிணற்றடியில் நின்று தலைவழியே தண்ணீரை ஊற்றிக்கொண்டார். ஒட்டுகள் கால்வாயில் மிதந்தன.

“கை தானா வாளியை எடுத்துடுத்துடி” என்றார் பாவமாக. “குளிக்காம எப்படிடி பெருமாளை நினைக்கறது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி ஒட்டினாலும் இதே கதைதான் என்று டாக்டருக்கும் புரிந்தது. ரத்தத்தில் பார்த்துவிடலாமா என்று கேட்டார். அந்தப் பரிசோதனையைச் செய்வது எங்கள் ஆய்வகம்.

அண்ணாவின் ரத்தம் அடைத்த கண்ணாடிக் குழாயைப் பத்திரமாகப் பொதிந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன்.

“இன்னாமா, பையைக் கீழ வையேன், கூட்டமா இருக்குது” என்றார் கண்டக்டர்.

“உள்ள எங்க அண்ணா இருக்கார். வைக்க மாட்டேன்” என்றேன். அதற்கப்புறம் அவர் என் பக்கமே வரவில்லை.

ரத்தத்தை ஒரு கனமான திரவத்தின்மேல் மெல்ல ஊற்றி இயந்திரத்தில் சுழலவிட்டால், சிவப்பணுக்கள் அடியில் இறங்கிவிடும். நடுவில் மெல்லிய வெள்ளைப் படலம் நிற்கும். அதைக் கலங்காமல் உறிஞ்சி எடுக்க எங்கள் ஆய்வகத்தில் என்னை விட்டால் ஆளில்லை. தலைக்கனம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அந்த அணுக்களைத் தட்டின் குழிகளில் பிரித்துவிட்டு, தோலுக்கு அடிக்கடி ஆகாமல் போகும் உலோகங்களை, சிலவற்றில் குரோமியம், சிலவற்றில் கோபால்ட், சிலவற்றில் நிக்கல் என்று துளித்துளியாகச் சேர்த்தேன். ஒப்பிட்டுப் பார்க்கச் சில குழிகளைச் சும்மா விட்டேன். பிறகு உடம்புச் சூட்டில் ஒரு வாரம்போல வைத்திருக்க வேண்டும். ஒரு பொருளோடு ஏற்கெனவே பகை கொண்ட அணுக்கள் அதை மறக்காது. மறுபடி கண்டதும் பெருகும். சொந்த அண்ணா என்பதால் தட்டின்மேல் பெயரில்லாமல் எண் மட்டும் ஒட்டி, முடிவைப் பார்க்கும் வேலையை உடன் வேலை செய்கிறவளிடம் கொடுத்துவிட்டேன். நிக்கல் குழிகளில் மட்டும் அணுக்கள், தேர் வரும் தெரு மாதிரி, கூட்டம் கூட்டமாக நின்றன.

இனி அந்த நிக்கல் எதில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். சோப்பு, எண்ணெய், கற்பூரம், சாமந்திப்பூ என்று தொடுவதையெல்லாம் டாக்டரிடம் ஒப்பித்த அண்ணா, சன்னிதிப் பாத்திரங்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. மறைக்கவில்லை, அவற்றைச் சந்தேகப்படலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. நான் அந்த மூன்று விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தீர்த்தம் கொடுக்கும் கரண்டியை, அந்த உத்தரணியை, அப்படித்தான் பிடிப்பார். தீர்த்தக் கிண்ணமான வட்டில் இடது உள்ளங்கையில் இருக்கும்.

“உத்தரணியும் வட்டிலும் எதுல பண்ணது?”

“ஜெர்மன் சில்வர். தையில உபயமா வந்தது. பழைய செம்பு உத்தரணி தேஞ்சு போயிடுத்தே.”

“பேர்லதான் சில்வர் அண்ணா. அதுல இருக்கறது நிக்கல்.”

“பெருமாள் தீர்த்தம் குடுத்தா புண் வரும்ங்கறியா? நாக்கு அழுகிடும்டி!”

நானும் விடவில்லை. நிக்கல் கசிந்தால் பஞ்சை இளஞ்சிவப்பாக்கும் மருந்து ஒன்று உண்டு. பஞ்சையும் மருந்தையும் கொண்டுவந்து, “நீயே தேய்ச்சுப் பாரு” என்று கொடுத்தேன். பங்காளியிடம் பாத்திரங்களை வெளியே கேட்டு வாங்கி, மண்டபத்தில் உட்கார்ந்து தேய்த்தார். பஞ்சு சிவந்தது. இன்னொரு பஞ்சால் பழைய செம்பு உத்தரணியைத் தேய்த்தார். நிறம் மாறவில்லை.

“அப்போ தீர்த்தத்து மேல தப்பில்லையே?” என்றார் இரண்டு பஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபடி.

“இல்லை. பெருமாள் மேலயும் இல்லை.”

அண்ணா அங்கேயே உட்கார்ந்து அழுதார். புதுச் செம்பு உத்தரணியும் வட்டிலும் வாங்கினோம். கை மெல்ல ஆறியது.

உற்சவத்தன்று பஸ் தாமதம். குளிக்க நேரமில்லாமல் கோயில் வாசலிலேயே, செருப்பு விடும் இடத்தருகில் நின்றுகொண்டேன். உள்ளே அண்ணா வரிசையாகத் தீர்த்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த விரல்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வரிசை முடிந்ததும், வட்டிலோடு கொடிமரத்தைத் தாண்டி வாசல்வரை வந்தார். தெருவே பார்த்தது.

“நான் இன்னும் குளிக்கலை அண்ணா. லேப்லேர்ந்து நேரா வரேன்.”

“தெரியும்” என்றார். “அந்தக் கையைத்தான் நீட்டச் சொல்றேன்.”