வெள்ளிக்கிழமைக் கிறிஸ்தவர்கள்

புதிதாக வந்திருக்கும் போதகர் போன வாரம் வீட்டுக்கு வந்து, "உங்க வீட்ல ஏன் யாரும் கோவிலுக்கு வர்றதில்ல?" என்று கேட்டார். மோர் கொடுத்து, ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பிவைத்தேன். இந்த வயதில் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

என் அப்பா மாதனூர்ப் பக்கம் ஏர் ஓட்டியவர். எங்கள் குடும்பத்தில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவரும் அவர்தான். ஞாயிறு கோவிலுக்குப் போகாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நான் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி சாயபு நல்ல மனுஷர். வெள்ளிக்கிழமை அவருக்குத் தொழுகை, எங்களுக்கு லீவு. ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் வேலை. இதில் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஆக, வருஷத்தில் ஒரே ஒரு ஆராதனைக்குத்தான் எங்களால் முழுசாகப் போக முடிந்தது. அது பெரிய வெள்ளி. ஆண்டவர் சிலுவையில் சாவதை வருஷா வருஷம் தவறாமல் கேட்டோம். அவர் உயிர்த்தெழுந்த ஞாயிறன்று சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் அளவு நின்று தோல் இழுத்துக்கொண்டிருந்தோம். சபையார் எங்களை வெள்ளிக்கிழமைக் கிறிஸ்தவர்கள் என்று கேலி பேசுவார்கள். முதலில் பற்றிக்கொண்டு வந்தது. போகப் போகக் கோபப்படவும் சலித்துவிட்டது.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாயில்லாப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் கோவிலில் மூன்று ஞாயிறு, இன்னாருக்கு இன்னார் என்று கல்யாண அறிக்கை வாசிப்பார்கள். வாசிக்கும்போது பெற்றவர் எழுந்து நிற்க வேண்டும் என்பது எங்கள் சபை வழக்கம். இரண்டு ஞாயிறு மேஸ்திரியிடம் கெஞ்சி லீவு வாங்கினேன். மூன்றாம் ஞாயிறு விடியும்போதே அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ரெண்டு ஆளு காய்ச்சல்ல படுத்துட்டான். தொட்டில ஊறுற தோலு இன்னிக்கு வெளிய வரலன்னா கெட்டுப்பூடும். நீ இன்னா சொல்ற?"

ஒரு தொட்டிதானே, முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்தேன். மகளிடம், "நீ முன்னால போம்மா, வாசிக்கறதுக்குள்ள வந்துர்றேன்" என்றேன். கோவில் மணி காதில் விழுந்தது. இன்னும் பத்துத் தோல், இன்னும் ஐந்து தோல் என்று இழுத்தேன். கைகூடக் கழுவாமல் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

எழுந்து நிற்க ஆள் இல்லாததால் அறிக்கையை வாசிக்கவில்லை. அடுத்த வாரம் வாசிக்கலாம் என்றுதான் அன்றிருந்த போதகர் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா கேட்கவில்லை. "பெத்தவனுக்கே அக்கறையில்லாத பொண்ணு எங்களுக்கு எதுக்கு?" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் நாறும் கையோடு நின்றேன்.

இரண்டு வருஷம் கழித்து வேறு இடத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தேன். வீட்டு முன்னாலேயே பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்தது. பேரன் பிறந்ததும் ஞானஸ்நானப் பேச்சை எடுத்தேன். பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"வேணாம்பா. சாமி மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அன்னிக்குப் போதகரய்யா, பெத்தவங்க எங்கன்னு மூணு தபா கேட்டாரு. மூணு தபாவும் நான் திரும்பி வாசலப் பாத்தேன். அப்பறமும் கோவிலுக்குப் போய்ப் பாத்தேன்பா. உள்ள உக்காந்தாலே கண்ணு வாசலுக்குத்தான் போவுது."