தள்ளி வைத்த ஆட்டக்காரரும் நான் போட்ட முதல் வோட்டும்

அண்ணை எனக்கு இரத்த உறவில்லை. நாடு விட்டு வந்த புதிதில் ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் ஒரு வீட்டுக்கு அடியில் இருந்த பேஸ்மென்றில் ஐந்து வருடம் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டோம், அவ்வளவுதான். அவருடைய மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில் இருந்தார்கள். எங்கள் நகரத்து அணி அடுத்தடுத்து இரண்டு வருடம் கிண்ணம் வென்றபோது எங்களுக்கும் பேஸ்போல் பைத்தியம் பிடித்தது. விளையாட்டைப் பார்ப்பதைவிட அதைப் பற்றிச் சண்டை பிடிப்பதில்தான் எங்களுக்கு ருசி.

அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் பேஸ்போல் மேதைகளைக் கௌரவிக்க ஒரு மண்டபம் இருக்கிறது. அந்த விளையாட்டில் மற்ற எவரையும்விட அதிகம் பந்தை அடித்தவருக்கு அங்கே இடமில்லை. ஆட்டங்களில் காசு வைத்துப் பந்தயம் கட்டினார் என்று அவரை ஆயுள் முழுவதும் தள்ளி வைத்துவிட்டார்கள். அண்ணைக்கு அது பொறுக்கவில்லை.

“உவன் சூதாடினவன்தான். அதுக்காக அடிச்ச அடியெல்லாம் பொய்யோ?”

“சட்டத்தை மீறினவனுக்கு மாலை போடுறதோ அண்ணை? அது அவையின்ர மண்டபம். வைக்கிறதும் தள்ளுறதும் அவையின்ர விருப்பம். அரசாங்கம்கூட அதில தலையிடேலாது.”

“எதுக்கெடுத்தாலும் அரசாங்கத்தை இழுக்காட்டி உமக்கு நித்திரை வராது.”

உண்மைதான். ஊரில் அரசாங்கம் எங்கள் வாசலுக்கு வந்ததெல்லாம் தோளில் துவக்கோடும் கையில் பெயர்ப் பட்டியலோடும்தான். அதனால் எந்த நாட்டிலும் அரசாங்கம் சின்னதாக, தன்பாட்டில் ஒரு மூலையில் கிடக்க வேண்டும் என்பது என் கட்சி. பிறகு கல்யாணம் கட்டி, நகருக்கு வெளியே அஜக்ஸில் வீடு வாங்கி, வரிக் கடிதங்கள் வரத் தொடங்கியதும் அந்தக் கட்சிக்கு இன்னும் பலம் சேர்ந்தது. குடியுரிமை கிடைத்து நான் போட்ட முதல் வோட், அரசாங்கத்தைச் சுருக்குவோம் என்றவர்களுக்கு. வேலையில்லாதவர்களின் உதவிப் பணத்தைக் குறைப்போம் என்றும் அவர்கள் சொல்லியிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

அப்போது அண்ணை தொழிற்சாலையில் முதுகில் அடிபட்டு, அந்த உதவிப் பணத்தில்தான் இருந்தார். வோட் போட்ட கதையை அவரிடமே போய்ப் பெருமையடித்தேன். என் மடத்தனத்தை என்ன சொல்ல.

“உது உங்களுக்கில்லை அண்ணை. சும்மா திரியிறவைக்கு.”

அண்ணை சிரித்தார். “வெட்டுறவன் ஆள் பாத்தே தம்பி வெட்டுவான்?”

அவர்கள் வென்றார்கள். இலையுதிர் காலத்தில் உதவிப் பணத்தை வெட்டினார்கள். ஆள் பார்க்கவில்லை. அண்ணை பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தார். போனை நிறுத்தினார். வாடகையில் கைவைக்க முடியாது, ஆகவே சாப்பாட்டில் கைவைத்தார். எனக்கு அது தெரியாது என்று சொன்னால் அரைப் பொய். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகும்போது அடுப்பு துடைத்துப் பளிச்சென்று கிடக்கும்.

“சாப்பிட்டியளோ அண்ணை?”

“ஓம் ஓம், இப்பதான்.”

நான் பிரிட்ஜைத் திறந்து பார்த்திருக்கலாம். ஒரு நாளும் திறக்கவில்லை. திறந்தால் வாதத்தில் தோற்றுவிடுவேன் என்ற பயம்.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை மேலே குடியிருந்த வீட்டுக்காரர்தான் அவரைக் கண்டார். அண்ணை நீரிழிவுக்காரர். காலையில் வழக்கம்போல இன்சுலின் ஊசியைப் போட்டிருக்கிறார், அதற்கு மேல் சாப்பிட ஒன்றுமில்லை. இரத்தத்தில் சீனி இறங்கி, கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். அன்றைக்குத்தான் பிரிட்ஜைத் திறந்தேன். ஊறுகாய்ப் போத்தல் ஒன்று இருந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அடித்துக் கொடுப்போம். அந்தப் புத்தகங்களில் எவரும் குடித்ததில்லை, சூதாடியதில்லை, யாரோடும் கோபித்ததில்லை. போன எல்லாருக்கும் ஒரே மாலைதான். எனக்கு அதைக் கண்டாலே சினம் வரும். அண்ணையின் கல்வெட்டை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, உள்ளதை உள்ளபடி எழுதுவது என்று முடிவெடுத்தேன். பசியில் செத்தார் என்று எழுதுவேன். ஏன் என்றும் எழுதுவேன்.

அப்போது கொழும்பிலிருந்து அவருடைய மனைவி போன் எடுத்தார்.

“தம்பி, கடைசியா என்ன சாப்பிட்டவர்?”

“சோறும் மீன்குழம்பும் அக்கா.”

எப்படி வாயில் வந்ததென்று தெரியவில்லை. அக்கா அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கல்வெட்டின் கடைசிப் பக்கத்து நன்றிக்கு யார் யாரைப் போட வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார்.

“அந்த நாட்டு அரசாங்கத்துக்கும் ஒரு நன்றி போடுங்கோ. வேலையில்லாமல் இருந்த நேரத்திலயும் தன்னைப் பாக்குதெண்டு ஒவ்வொரு கடிதத்திலயும் எழுதுவார். உங்களுக்கும் போடவேணும் தம்பி. நீங்கள் பக்கத்தில இருக்கிறியள் எண்ட தைரியத்திலதான் நான் இஞ்ச நித்திரை கொண்டனான்.”

பெரிய அரசாங்கத்தைக் கண்டால் எனக்கு இன்றும் பயம்தான். அந்தப் பயம் சாகும்வரை போகாது. ஆனால் அன்றைக்கு அக்கா போனை வைத்ததும் பேனையை எடுத்தேன். அவர் சொன்னபடியே எழுதினேன். பசி என்ற சொல் அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை. நன்றிப் பக்கத்தில் முதலில் அரசாங்கம், அதற்கு அடுத்த வரியில் என் பெயர். அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்திக் கொடுத்ததும் நான்தான். அந்த இரண்டு வரியிலும் பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.