ஓரகத்தி வீட்டு வைஃபை

பாகூரில் வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை செய்கிறேன். லேப்டாப் பழையது என்பதால் லினக்ஸ் போட்டிருக்கிறேன். வைஃபை மட்டும் பக்கத்து வீட்டில் இருக்கும் என் ஓரகத்தி சுமதியுடையது. வாசலில் தண்ணீர் விடுவது பற்றி ஒருநாள் எங்களுக்குள் வாய்த்தகராறு. மறுநாள் காலை லேப்டாப்பில் அப்டேட் போட்டேன்; வைஃபை போய்விட்டது. போனில் மட்டும் வந்தது. வேண்டுமென்றே என் லேப்டாப்பைத் தடுத்துவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன். மதியத்துக்குள் ஒரு காதுகுத்துப் பத்திரிகையை அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். மதிலோரம் நின்று கத்தினேன்.

சுமதி வந்து திரையைப் பார்த்தாள். “இன்னாக்கா, என் வைஃபை பேரு மட்டுமா காணோம்? எதுத்த வூட்டு பேரும்தான் காணோம். அதையும் நான்தான் தடுத்தேனா?”

போனைக் கேபிளில் மாட்டி, அதன் நெட்டில் தேடினேன். அப்டேட்டில் லினக்ஸின் மையமான கெர்னல் மாறியதால், வயர்லெஸ் கார்டை இயக்கும் டிரைவர் வேலை செய்யாமல் போயிருக்கிறது. அதைத் திரும்ப இன்ஸ்டால் செய்ததும் எல்லாப் பெயர்களும் வந்தன. பத்திரிகையும் போனது.

இப்போதெல்லாம் நெட் போனால், மற்ற வீட்டுப் பெயர்கள் தெரிகின்றனவா என்றுதான் முதலில் பார்க்கிறேன். சுமதி வீட்டுப் பெயரும் தெரிகிறது. ஆனால் என் வேலையெல்லாம் போன் ஹாட்ஸ்பாட்டில்தான். அன்று மாலையே அவள் பாஸ்வேர்டை நிஜமாகவே மாற்றிவிட்டாள்.